மூடியில் ஒரு பள்ளி

கேட்வே ஆஃப் இந்தியாவைக் கட்டி முடிக்க வெள்ளைக்காரனுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்றாம். ஃபர்ஸானா அதைக் காலை டீக்கும் பகல் சோற்றுக்கும் நடுவில் இரண்டு தடவை கட்டிவிடுவாள். கூடவே கொஞ்சம் கடல், நாலு புறா, ஒரு படகு. எல்லாம் உள்ளங்கை அகலமுள்ள ஒரு செம்பு மூடியின் மேல்.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரும்பு ஏணி ஏறிப் போனால் அவளுடைய காக்கா கரீம் பாட்சாவின் பட்டறை. கூடப்பிறந்த அண்ணனைக் காக்கா என்றுதான் அவர்கள் வீட்டில் கூப்பிடுவார்கள். அங்கே செய்வது அழகுப் பெட்டிகள். செம்பில் உடம்பு, பித்தளையில் கீல், உள்ளே பட்டு மெத்தை, மூடியில் எனாமலில் ஊர் பேர் தெரிந்த ஏதாவது ஒரு கட்டடம். வி.டி. ஸ்டேஷன், ராஜாபாய் கோபுரம், ஹவா மஹால் என்று எது கேட்டாலும் உண்டு. பணக்காரக் கல்யாணங்களில் பத்திரிகையோடு சேர்த்துக் கொடுப்பார்கள். உள்ளே வைப்பது என்னவோ ஆறு பாதாம் பருப்புதான்.

கண்ணாடித் தூளை எண்ணெயில் குழைத்து, மயிரிழைத் தூரிகையால் எழுதி, மின்சார உலையில் மூன்று நிமிஷம் வைத்து எடுக்கிற வேலை அது. உலைக்குப் போகும்வரை பாதி நிறங்கள் ஒரே மாதிரி மண்ணாகத்தான் தெரியும். வெந்து வந்த பிறகுதான் நீலம் நீலமாகும், பச்சை பச்சையாகும். எது என்ன நிறமாக வரும் என்பது எழுதுகிறவள் மனசுக்குள் இருக்க வேண்டும். வந்துவிட்டால் பிறகு அழியாது. சொரண்டினாலும் போகாது, கல் வைத்துத் தேய்த்தால்தான் போகும். ஃபர்ஸானா பத்தொன்பது வருஷமாக இதைச் செய்கிறாள். இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயசு.

பத்தொன்பது வருஷத்தில் ஒரு பெட்டியில்கூட அவள் பேர் கிடையாது. அடியில் கொலாபா ஷோரூம்காரன் தன் தங்க ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்வான். அதுவும் போகட்டும். போன வருஷம் ஒருநாள் அந்த ஷோரூமின் வெப்சைட்டைப் போனில் திறந்து பார்த்தாள். அவள் எழுதிய ராஜாபாய் கோபுரத்துக்குப் பக்கத்தில், தலைப்பாகை கட்டி, வெள்ளைத் தாடியோடு, கையில் தூரிகை பிடித்தபடி ஒரு கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார். "எங்கள் கலைஞர்" என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. அந்த ஆள் தூரிகையைப் பிடித்திருந்த லட்சணம், பல் விளக்கப் போகிறவர் மாதிரி இருந்தது. 

அன்றிலிருந்து காக்காவைப் பிடுங்கி எடுத்துவிட்டாள்.

"அடியில சின்னதா என் பேரு, காக்கா. கடுகு மாதிரி எழுத்துல."

"ஏளா, சும்மா கெட. ஷோரூம்காரன் பாத்தான்னா சரக்கு பூரா வாபஸ் வந்துரும்."

"அப்ப ஷோரூமுக்குப் போகாத பெட்டியில?"

கரீம் பாட்சா நல்ல மனுஷர்தான். வம்பு என்றால் மட்டும் பத்தடி தள்ளி நிற்பார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார். "தனி ஆர்டர் வந்தா அதுல போட்டுக்கோ. ஆனா ஒரே ஒரு தடவ. ஒரு பெட்டி, ஒரு பேரு. வாங்குனவங்க மூஞ்சியச் சுளிச்சாவன்னு வை, அப்புறம் செத்தாலும் இந்தப் பேச்ச எடுக்கப்படாது."

அவள் சரி என்றாள். தனி ஆர்டர் ஏழு மாசம் கழித்து, போனில் ஒரு குரலாக வந்தது.

முலுண்டிலிருந்து பேசிய அந்த மனிதர் பெயர் பிரம்மநாயகம். ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல இருந்தது அவருடைய தமிழ். வாட்ஸப்பில் குரலைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். அண்ணனும் தங்கையும் போனை நடுவில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

"வணக்கம். எங்கள் அப்துல் ஹாதி ஐயா அவர்கள் முப்பத்தாறு ஆண்டுகள் எங்கள் பள்ளிக்காக உழைத்து, இம்மாத இறுதியில் ஓய்வு பெறுகிறார். அவருக்கு ஒரு பெட்டி பரிசளிக்க விரும்புகிறோம். மூடியில் எங்கள் பழைய பள்ளியின் முகப்பு இருக்க வேண்டும். இடித்துக் கட்டுவதற்கு முன்பு இருந்த பள்ளி. தாராவியில் தோல் கிடங்குக்கு எதிர்ச் சந்து, உங்களுக்கே தெரிந்திருக்கும். வெள்ளைச் சுவர், பச்சைச் சன்னல்கள், வாசலில் வளைவு, இடப்பக்கம் கைகால் கழுவ வரிசையாகக் குழாய்கள். புகைப்படம் எதுவும் கிடைக்கவில்லை, இரண்டாயிரத்து ஐந்து மழையில் எல்லாம் கூழாகிவிட்டது. தினமும் முதல் ஆளாக வந்து கதவைத் திறப்பவர் எங்கள் ஐயா. ஒரு வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனைகூட அவர் இல்லாமல் நடந்ததில்லை. நன்றி."

கரீம் பாட்சா தலையாட்டினார். "நம்ம தோல் கெடங்குப் பள்ளியச் சொல்லுதாரு. பழைய பள்ளி. வாப்பா தொழப் போவாவல்லா, அது."

"பாங்கு சொல்லுத மோதினாருக்கெல்லாம் ரிட்டயர்மென்ட் உண்டா காக்கா?"

"இப்ப எல்லாத்துக்கும் ட்ரஸ்ட் வந்துட்டுல்லா. இருக்கும்."

ஒரு பிரம்மநாயகம் ஒரு ஹாதிக்குப் பரிசு கொடுக்கிறார் என்பதில் ஃபர்ஸானாவுக்கு ஆச்சரியம் இல்லை. அந்தச் சந்தில் ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருத்தர் பாத்திரம் தூக்குவது வழக்கம்தான். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆறு வயசில் அந்தப் பள்ளியின் வாசலில், குழாய்களுக்குப் பக்கத்தில், வாப்பாவின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமைதோறும் நின்றவள் அவள். போட்டோ எதற்கு? கண்ணை மூடினால் ஒவ்வொரு குழாயும் தெரியும். எது ஒழுகும் என்பதுகூடத் தெரியும்.

பத்து நாள் எடுத்துக்கொண்டாள். ஒன்பது தடவை உலைக்குப் போய் வந்தது மூடி. வெள்ளைச் சுவரில் காலை வெயில், வளைவுக்கு மேல் சின்ன மினாரா, அதன் உச்சியில் ஊசி முனையளவு பிறை. பிறைக்காக மட்டும் தனியாக ஒருமுறை உலை போட்டாள். கேட்வேக்கு அவள் இப்படியெல்லாம் உயிரை விட்டதில்லை.

பிறகு பெட்டியின் அடிப்பாகத்துக்கு வந்தாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஃபர்ஸானாவுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. படித்தது இந்தி மீடியம், அதுவும் எட்டாவது வரை. ஆனால் ஹாதி என்கிற பெரியவருக்குத் தமிழர்கள் தருகிற பெட்டியில் தமிழில்தான் தன் பேர் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். போனில் பேரைச் சொன்னாள், போன் தமிழில் காட்டியது. ஃபர்ஸானா. அதைப் பெரிதாக்கி, எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினாள். எழுத்துகள் பிரமாதமாக வந்தன, கட்டடம் கட்டுகிற கையாச்சே. முன்னால் தனியாக நின்ற மூன்று புள்ளிகள்தான் கண்ணை உறுத்தின. ஏதோ அழகுக்கு வைத்த பூ வேலை என்று நினைத்தாள். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் கோணலாக இருக்கிறதே என்று, பின்னாலும் அதேபோல மூன்று புள்ளி வைத்தாள்.

ஃபர்ஸானாஃ.

தள்ளி நின்று பார்த்தாள். ரெண்டு பக்கமும் தூண் நிறுத்திய வாசல் மாதிரி கச்சிதமாக இருந்தது. மூன்று நிமிஷம் உலையில் வைத்து எடுத்தாள். கறுப்பு எழுத்து, வெள்ளைத் தரை. அன்றைக்கு முழுக்க அவள் யாரிடமும் கோபப்படவில்லை.

விழா சனிக்கிழமை சாயங்காலம், மாட்டுங்காவில் ஒரு ஹாலில். வியாழக்கிழமை ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, பெட்டியைப் பார்த்துப்போகப் பிரம்மநாயகம் வந்தார். நாற்பத்தைந்து வயசிருக்கும். நெற்றியில் விபூதிக் கீற்று, தோளில் லேப்டாப் பை. ஏணி ஏறியதில் மூச்சு வாங்கியது. ஃபர்ஸானா துணியை விலக்கி மூடியைக் காட்டினாள்.

அவர் மூச்சு வாங்குவது நின்றுவிட்டது.

"தங்கச்சி, இது என்னது?"

"பள்ளி, அண்ணே."

"பள்ளிவாசல்லா இது!"

"ஆமா. நீங்கதானே பள்ளின்னு சொன்னிய."

"பள்ளின்னா பள்ளிக்கூடம்மா! எங்க ஸ்கூலு! ஹாதி சார் எங்க தமிழ் வாத்தியாரு!"

கரீம் பாட்சா அணைந்த பீடியை இழுத்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுல பள்ளின்னா பள்ளிதான் அண்ணே," என்றாள் ஃபர்ஸானா. "பிள்ளைங்க போறது ஸ்கூலு. வெள்ளிக்கிழம பிரார்த்தனைன்னு வேற சொன்னிய."

"அது காலைல அசெம்பிளிம்மா!"

"கை கால் கழுவக் குழாயின்னு சொன்னிய."

"மண்ணுல விளையாடிட்டு வந்தா கழுவ வேண்டாமா?"

பிரம்மநாயகம் தன் போனை எடுத்து, தான் அனுப்பிய குரலைத் தானே கேட்டார். முதல் தடவை முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கேட்டார். இரண்டாம் தடவை கேட்கும்போது உதடு துடித்தது. மூன்றாம் தடவை, 'தினமும் முதல் ஆளாக வந்து கதவைத் திறப்பவர்' என்ற இடத்தில் சிரித்துவிட்டார். "நானேதான் மோதினாராக்கிட்டேன் சார," என்றார். பிறகு சிரிப்பு அப்படியே வடிந்துபோயிற்று.

"தங்கச்சி, படம் அம்புட்டு அழகா இருக்கு. குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா இத நான் சார் கையில குடுக்க முடியாது. முப்பத்தாறு வருஷம் அவுரு எங்களுக்குத் தமிழ் சார், அவ்வளவுதான். கடேசி நாள்ல, முந்நூறு பேரு முன்னால பள்ளிவாசல நீட்டுனா, 'நீரு எங்களுக்கு இதுதான்'னு மூஞ்சியில சொன்ன மாதிரி ஆவும். சார் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிடுவாரு. அதான் எனக்குத் தாங்காது."

ஃபர்ஸானாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரெண்டு வருஷம் முன்னால் செம்பூரில் கணவன் சைஃபோடு வாடகைக்கு வீடு பார்க்கப் போனாள். சாவி புரோக்கர் கையிலேயே இருந்தது. பேர் என்ன என்று கேட்டான். சொன்னார்கள். காலியாக இருந்த வீடு அந்த நிமிஷமே வேறு யாருக்கோ போய்விட்டது. அப்போது அவளும் சிரித்துக்கொண்டேதான் படி இறங்கினாள். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தன் கையால் செய்த பெட்டி இன்னொருத்தர் முகத்தில் அந்தச் சிரிப்பை வரவழைத்துவிடக் கூடாது.

"சனிக்கிழம மத்தியானத்துக்குள்ள வேற மூடி தாரேன்," என்றாள்.

"ரெண்டு நாள்லயா? ஏளா, பத்து நாளு வேல!" என்றார் காக்கா.

"தாரேன்னு சொல்லுதேன்லா."

அந்த அளவில் ஒரே ஒரு செம்பு மூடிதான் வெள்ளை பூசித் தயாராகக் கிடந்தது. பெட்டியின் உடம்பை மாற்ற வேண்டியதில்லை, மூடி மட்டும்தான். பள்ளிவாசல் மூடியை உருக்கப் போடும் பழைய செம்போடு போடக் காக்கா கையை நீட்டினார். ஃபர்ஸானா கொடுக்கவில்லை. துணியில் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த தொல்லை, அவள் அந்தப் பள்ளிக்கூடத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை. அது சந்தின் மறுகோடி, அவள் நின்றது பள்ளிவாசல் வாசலோடு சரி. இப்போது அங்கே நிற்பது ஏழு மாடிக் கட்டடம். பிரம்மநாயகம் பழைய மாணவர்களின் வாட்ஸப் குழுவில் விஷயத்தைப் போட்டார். பள்ளிவாசல் சங்கதியைச் சொல்லவில்லை, 'சின்ன விவரம் சரிபார்க்க வேண்டும்' என்று மட்டும் போட்டார். வந்து குவிந்தது. சன்னல் பச்சை என்றார்கள், நீலம் என்றார்கள். மரம் வேம்பு என்று ஒருத்தர், பாதாம் என்று இன்னொருத்தர், மரமே கிடையாது என்று மூன்றாவது ஆள். குழாய் ஐந்தா ஏழா என்பதில் தாணேக்காரர்களுக்கும் முலுண்டுக்காரர்களுக்கும் சண்டையே வந்துவிட்டது. தாராவியிலேயே இட்லி மாவுக் கடை வைத்திருக்கும் பழைய மாணவி இசக்கிசெல்வி நேரில் வந்து, படம் எழுதுகிற பலகைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "படி இப்பிடி வளையும் பாத்துக்கோ" என்று மாவு வாசமடிக்கிற கையால் காற்றில் வளைத்துக் காட்டினாள்.

எல்லாரும் ஒரே மாதிரி சொன்னது ஒன்றே ஒன்றுதான். முதல் மாடியில், வலது ஓரத்தில், ஹாதி சாரின் வகுப்புச் சன்னல். அதில் ஒரு கதவு மட்டும் சாத்தவே வராது. மழை பெய்தால் அந்த வரிசை பெஞ்சுக்காரர்கள் நனைவார்கள். சார் அந்த இடத்தில் போய்க் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டே பாடம் நடத்துவார். பதினாலு பேர், பதினாலு குரல், ஒரே சன்னல்.

ஃபர்ஸானா அந்தச் சன்னலில் இருந்து தொடங்கினாள். மற்றதெல்லாம் அதைச் சுற்றி எழும்பியது. வெள்ளி முழுக்க, சனி காலை முழுக்க. பிறைக்குத் தனி உலை போட்டது போல, சாத்தாத அந்தக் கதவுக்கும் தனி உலை போட்டாள். மரம் விஷயத்தில் சண்டை வேண்டாமென்று நிழலை மட்டும் எழுதினாள்.

சனிக்கிழமை ஒரு மணிக்குப் பிரம்மநாயகம் பட்டு வேட்டியில் வந்தார். மூடியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "அந்தக் கதவு," என்று மட்டும் சொன்னார். பெட்டியைக் கையில் எடுத்து, இப்படி அப்படித் திருப்பி, அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"ஐயையோ."

"இப்ப என்ன?" என்றார் கரீம் பாட்சா. அவருக்கு ரெண்டு நாளாகத் தூக்கமில்லை.

"தங்கச்சி, இந்த ஆய்த எழுத்து கடைசியில எதுக்கு வந்துச்சு?"

"எது?"

"இந்த மூணு புள்ளி."

"பூ வேலதானே அண்ணே? ஒரு பக்கம் மட்டும் இருந்தா நல்லால்ல, அதான் இந்தப் பக்கமும் வெச்சேன்."

பிரம்மநாயகம் அங்கே கிடந்த பிரம்பு மோடாவில் உட்கார்ந்தார். "அது எழுத்தும்மா. பூ இல்ல. ஆய்தம் சொல்லுக்கு மொதல்ல வராது, கடேசியில வராது, நடுவுலதான் வரும்னு எங்களுக்கு அடிச்சுச் சொல்லிக் குடுத்ததே சார்தான். மொதல்ல வாரத இந்தக் காலத்துல எல்லாரும் எழுதுதாங்க, சரி. கடேசியில யாரு எழுதுவா? சார் ஒரு புள்ளிய விட மாட்டாரு. ஆறாங் கிளாஸ்ல எம்பேருல ஒரு புள்ளிய விட்டுட்டேன். 'சொந்தப் பேரையே ஒழுங்கா எழுதத் தெரியாதவன் வேற எத எழுதுவே'ன்னு நூறு தடவ எழுத வெச்சாரு. அந்த ஹால்ல இருக்க அம்புட்டுப் பேரும் அப்பிடி எழுதுனவங்கதான்."

ஃபர்ஸானாவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. ஒரு வாரத்தில் இரண்டு தடவை. ஒரு சொல் தெரியாமல் ஒன்று, ஒரு எழுத்து தெரியாமல் ஒன்று. அழுகையை விட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கரீம் பாட்சா சத்தமில்லாமல் எழுந்து போய்த் தேய்ப்புக் கல்லை எடுத்து வந்தார். "பத்து நிமிஷ வேல. அடிப்பக்கம்தானே, பேரத் தேச்சுட்டு மெழுகு போட்டா ஒண்ணும் தெரியாது. குடு பிள்ளே. அவங்க விழா நல்லபடியா நடக்கட்டும்."

அவர் குத்திக்காட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கல்லை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். புள்ளிகளை மட்டும் தேய்க்கலாமா என்று பார்த்தாள். முடியாது, எழுத்தை ஒட்டி நின்றன, தேய்த்தால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து போகும். இருந்தால் முழுசாக இருக்க வேண்டும், போனால் முழுசாகப் போக வேண்டும். தேய்த்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. தலைப்பாகைக் கிழவர் மறுபடி சிரித்துக்கொண்டு நிற்பார். தேய்க்காவிட்டால் முந்நூறு பேர் சிரிப்பார்கள், காக்கா சொன்னபடி இந்தப் பேச்சு இத்தோடு முடிந்துவிடும்.

கல்லைக் கீழே வைத்தாள்.

"தப்பா இருந்தாலும் எம்பேருதான் காக்கா. இருந்துட்டுப் போவுது." பிரம்மநாயகத்தைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணே, நானும் வாரேன். சார் யாரு எழுதுனான்னு கேட்டா, நாந்தான்னு நானே சொல்லிக்கிடுதேன். நீங்க ஏச்சு வாங்க வேண்டாம்."

மாட்டுங்கா ஹாலில் மல்லிகைப்பூவும் காப்பியும் மணந்தன. ஃபர்ஸானா கடைசி வரிசையில், இசக்கிசெல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடையில் அப்துல் ஹாதி சார், ஒல்லியாக, வெள்ளைச் சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனாவோடு, தனக்குப் போட்ட மாலைகளை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். ஆய்த எழுத்து விஷயம் இதற்குள் பரவிவிட்டிருந்தது. பிரம்மநாயகம் ரகசியமாக ஒருவரிடம் மட்டும் சொன்னாராம். முன்வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

பெட்டியைப் பிரம்மநாயகமே கொடுத்தார். சார் வாங்கினார். மூடியைப் பார்த்தார். அவர் விரல் வாசல் வளைவில் தொடங்கி, படியில் ஏறி, முதல் மாடி வலது ஓரத்துக்குப் போய் நின்றது. மைக் பக்கத்தில் இருந்ததால், முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது.

"இந்தக் கதவ இன்னும் யாரும் சரி பண்ணலியா?"

ஹால் வெடித்துச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். சாரும் சிரித்தார். அது சிரித்துக்கொண்டே படி இறங்குகிற சிரிப்பு இல்லை. ஃபர்ஸானாவுக்கு அதுவே போதும் என்று இருந்தது, அப்படியே எழுந்து ஓடிவிடலாம் போலவும் இருந்தது.

ஆனால் சார் வாத்தியார். எதையும் திருப்பிப் பார்க்காமல் விடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. பெட்டியைத் திருப்பினார்.

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. சாரின் புருவம் மேலே போனது. கை தன்னாலே சட்டைப் பையில் இருந்த சிவப்பு மைப் பேனாவைத் தொட்டது. தொட்டபடி அங்கேயே நின்றது.

"இத எழுதுனது யாரு?"

ஃபர்ஸானா எழுந்தாள். "நாந்தான், சார்."

"படமும் நீங்கதானா?"

"ஆமா, சார். ரெண்டும் நாந்தான்."

"எத்தன வருஷமா எழுதுறீங்க?"

"படம் பத்தொம்பது வருஷமா. பேரு... இதான் சார் மொதத் தடவ."

இசக்கிசெல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மேடையிலிருந்து சார் இறங்கி, நடுவழியாக நடந்து, மைக்கின் வயர் எட்டுகிற தூரம்வரை வந்து, அதை அவள் பக்கம் நீட்டினார்.

"உங்க பேர நீங்களே ஒருதரம் சொல்லுங்கம்மா. எல்லாருக்கும் கேக்கட்டும்."

அவள் நாலடி முன்னால் வந்தாள். "ஃபர்ஸானா," என்றாள். மைக்கில் அது ஹால் முழுக்கப் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. தன் பேரை அவ்வளவு பெரிதாக அவள் கேட்டதே இல்லை.

சார் பெட்டியை மறுபடி திருப்பினார். வாசிக்கத் தெரியாதவர்போல, முன்னால் இருந்த மூன்று புள்ளியில் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தடவி, பின்னால் இருந்த மூன்று புள்ளியில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"அதேதான் எழுதியிருக்கு," என்றார்.

பிரம்மநாயகம்தான் முதலில் கை தட்டினார். சொந்தப் பேரை நூறு தடவை எழுதியவர் அவர்.